‘உம்’ கொட்டுவது ஏன் நின்றது?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடர் பல வருஷம் ஓடி, அதன் ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும்போது எல்லாரும் சொல்கிற பழமொழி இதுதான். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. பால் தானாகப் புளித்ததா, இல்லை யாராவது உறை ஊற்றினார்களா? இதைக் கேட்காமல் ரசிகனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

நம் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் சின்ன வயதில் பார்த்த ‘பென் 10’ தொடரை வைத்தே இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். “மலரில் எழுத உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா? கார்ட்டூனா?” என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் விஞ்ஞானம் என்ற சொல் முதன்முதலில் நுழைந்தது அந்தக் கார்ட்டூன் வழியாகத்தான். அப்பா மானாவாரி விவசாயி. அம்மா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் போடுகிறவர். எட்டாம் வகுப்பைத் தாண்டிப் படித்தவர் எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் இல்லை.

கடிகாரம் கட்டிய பையன்

தெரியாத ஆசிரியப் பெருமக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென் டென்னிசன் என்று பத்து வயதுப் பையன். கோடை விடுமுறையில் தாத்தா மேக்ஸோடும், உறவுக்காரப் பெண் க்வென்னோடும் ஒரு வேனில் ஊர் ஊராகப் போகிறான். வானத்திலிருந்து விழுந்த ஒரு பொருளிலிருந்து ‘ஆம்னிட்ரிக்ஸ்’ என்ற கடிகாரம் தாவி வந்து அவன் கையில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் திருகி அமுக்கினால் வேற்றுக்கிரக உயிராக மாறலாம். நான்கு கை, நெருப்பு உடம்பு, எந்த இயந்திரத்துக்குள்ளும் புகுந்து அதை மேம்படுத்துகிற ‘அப்கிரேட்’ என்று முதலில் பத்து உருவங்கள். கொஞ்ச நேரம்தான், நேரம் முடிந்தால் பீப் பீப் என்று சிவப்பு விளக்கு எரிந்து பழையபடி சின்னப் பையனாகிவிடுவான்.

இதில் என்னைப் பிடித்துப்போட்டது சண்டை இல்லை. அந்தக் கடிகாரத்தைச் செய்த அஸ்மத் என்ற விஞ்ஞானி அதை ஆயுதமாகச் செய்யவில்லை. ஒரு உயிர் இன்னொரு உயிராக வாழ்ந்து பார்த்தால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வார்கள் என்று செய்தார். கார்ட்டூனில் எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாக் கடையில் அந்தக் கடிகாரம் மாதிரி ஒன்று விற்பார்கள். அமுக்கினால் சுவரில் படம் விழும். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மூன்று பட்டன் பேட்டரி, ஒரு எல்.ஈ.டி., படம் அச்சடித்த ஒரு சின்ன வட்டத் தகடு, அதன் முன்னால் ஒரு லென்ஸ். அவ்வளவுதான்! “வாங்கின அன்னைக்கே பிச்சுப் போட்டுட்டானே” என்று அம்மா திட்டியது வேறு கதை. ஒளி எப்படிப் படமாகிறது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்ததுதான். இன்று மூன்றாம் வருஷ லேபில் சால்டரிங் அயர்னோடு நிற்கிறேன். ஆகவே ஒரு தொடரில் ஆர்வம் போவது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு போவது இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பையனுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த ஒரு வாத்தியார் போவது மாதிரி.

எங்கே கோணியது?

முதல் ‘பென் 10’ 2005 டிசம்பரில் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2008 வரை ஓடியது. உடனே ‘ஏலியன் ஃபோர்ஸ்’ (2008–2010). இதில் பென்னுக்குப் பதினைந்து வயது. கடிகாரத்தை எப்போதோ கழற்றி வைத்துவிட்டான். திடீரென்று தாத்தாவைக் காணோம். தேடிப்போக வேறு ஆள் இல்லை என்றதும் அதை மறுபடி எடுத்துக் கட்டுகிறான். முதல் தொடரில் எதிரியாக இருந்த கெவின் இப்போது கூட்டாளி. ‘அல்டிமேட் ஏலியன்’ (2010–2012) தொடரில் பென்னுக்குப் பதினாறு. அவன் யார் என்ற ரகசியம் உலகத்துக்கே தெரிந்துபோய், புகழும் ஏச்சும் சேர்ந்து வருகின்றன.

இந்த மூன்றையும் நான் பார்த்தது மறு ஒளிபரப்பில், தமிழ்க் குரலில், பெரியப்பா மகன்களோடு சேர்ந்து. அவர்களுக்கு அப்போது பதினைந்து, பதினாறு. ஒரு அண்ணன் பத்தாவது முடித்து லாரி செட்டில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. “இவனும் நம்மள மாதிரிதாம்ல, திடீர்னு பொறுப்பு தலையில விழுந்துட்டு” என்று பென்னைப் பார்த்துச் சொல்வான். கதை வளர்ந்தது, பார்த்தவனும் வளர்ந்தான். அப்போது யாருக்கும் பால் புளிக்கவில்லை.

அடுத்து ‘ஆம்னிவர்ஸ்’ (2012–2014). ஓவிய பாணி அடியோடு மாறியது. பதினாறு வயது முகம் மறுபடி சின்னப் பிள்ளை முகம் போல ஆனது. கதையில் கேலி கூடியது. பழைய ரசிகர்கள் பல நாடுகளில் முணுமுணுத்தார்கள். அதிலும் நல்ல கதைகள் இருந்தன என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அது இருக்கட்டும். பெரிய வெட்டு விழுந்தது 2016-இல். புதிதாக ஒரு ‘பென் 10’ தொடங்கினார்கள். பென்னுக்கு மறுபடியும் பத்து வயது. மறுபடியும் அதே கோடை விடுமுறை, அதே வேன். தாத்தா காணாமல் போனது, அவன் பொறுப்பு ஏற்றது எதுவுமே நடக்கவில்லை. கெவின் திரும்பவும் எதிரி! திருந்தி, நண்பனாகி, கூடவே நின்று அடி வாங்கிய கெவின் என்ன பாவம் செய்தான்? ஒவ்வொரு பகுதியும் பதினோரு நிமிஷம். முடிந்தால் முடிந்தது, அடுத்த பகுதிக்கு அதில் பெரிதாக மிச்சம் இருக்காது. 2021-இல் அதுவும் நின்றது.

“அது உனக்காக எடுத்தது இல்லப்பா, சின்னப் பிள்ளைகளுக்காக” என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். நண்பர்களே, அந்தத் தொடர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கும் சரியாகப் பத்து வயதுதான்! எனக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இருந்தும் ஒரு மாதம்கூடப் பார்க்கவில்லை. அண்ணன்மார் எழுந்து போன பிறகு நானும் எழுந்து போனேன். காரணம் எளிது. எதிரி நண்பனானது எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

கதை கேட்கிறவன் உரிமை

எங்கள் கரிசல் காட்டில் கதை சொல்பவருக்கு ‘உம்’ கொட்ட ஒரு ஆள் வேண்டும். ஆச்சி கதை சொன்னால் கேட்கிற பிள்ளைகள் “உம்... உம்...” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நிற்கும். “ஏல, தூங்கிட்டியா, இல்ல கத பிடிக்கலையா?” என்று கேள்வி வரும். பிடிக்கவில்லை என்று சொன்னால் கதையை வேறு பக்கம் திருப்புவார்கள். நரியைக் கொண்டுவருவார்கள், பேயைக் கொண்டுவருவார்கள். ஆனால் நேற்றுச் செத்த ராஜாவை இன்றைக்குச் சும்மா எழுப்பி உட்காரவைத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். “நேத்து செத்துட்டார்னு சொன்னீங்கள்ல?” என்று மடக்கிவிடுவார்கள். அதற்கு ஒரு பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் கருத்து இதுதான். ரசிகன் தன் நேரத்தைக் கொடுக்கிறான். பதிலுக்குக் கதை அவனிடம் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. யார் செத்தார், யார் திருந்தினார், யார் எதை இழந்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கு. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. இரண்டு பக்கமும் அதை மதிக்கிற வரைக்கும் கடை நடக்கும். ஒருநாள் கடைக்காரர் பழைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, “நீங்க யாரு, இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றால் வாடிக்கைக்காரர் என்ன செய்வார்? சண்டைகூடப் போடமாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். தொடர்களில் ரசிகர்கள் ஆர்வம் இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

தொலைக்காட்சிக்குக் காது கிடையாது. கோவில்பட்டிப் பிள்ளைகள் ‘உம்’ கொட்டுவதை நிறுத்தியது அமெரிக்காவில் யாருக்குக் கேட்கப்போகிறது? அங்கே கேட்பது விளம்பர வருமானத்தின் சத்தமும் பொம்மை விற்பனையின் சத்தமும்தான். புதுத் தொடர் வந்தால் புதுக் கடிகாரம், புதுப் பொம்மை. பொம்மை விற்பதில் தப்பில்லை. பொம்மைக்காகக் கதையை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்புவதுதான் தப்பு.

ஆள் மாறலாம், கணக்கு மாறக்கூடாது

அப்படியென்றால் ஒரு தொடர் மாறவே கூடாதா? தாராளமாக மாறலாம். இங்கிலாந்தில் பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கிய விஞ்ஞானத் தொடர். கதாநாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966-இல் விலக வேண்டி வந்தது. ‘இவர் வேற்றுக்கிரகத்தவர், உடம்பு தேய்ந்தால் புது உடம்பாகப் புதுப்பித்துக்கொள்வார்’ என்று ஒரு விதி வைத்து வேறு நடிகரைக் கொண்டுவந்தார்கள். முகம் மாறியது, குணம்கூடக் கொஞ்சம் மாறியது. பழைய நினைவு மட்டும் மாறவில்லை. 1980-களில் அதற்கும் ஆதரவு சரிந்தது, 1989-இல் நின்றுபோனது. 2005-இல் திரும்பி வந்தபோது ‘இவர் வேறு ஆள், பழையது எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லவில்லை. அதே ஆள்தான், நடந்ததையெல்லாம் சுமந்துகொண்டு வந்தார். பார்க்காத புதுப் பிள்ளைகளும் பார்த்தார்கள், விட்டுப்போனவர்களும் வந்தார்கள். புதியவர்களுக்கு இடம் கொடுக்கப் பழையவர்களை வெளியே தள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

இங்கிலாந்து வரைக்கும் போவானேன்? நம் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. தொடர்ச்சியாக அவர் எழுதிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. முதல் புத்தகத்தில் காட்டைத் திருத்திக் குடியேறிய ஜனங்களின் ஊர், இரண்டாவதில் சுதந்திரப் போராட்டக் காலத்துக்கு வந்துவிடுகிறது. அதே மண், அடுத்த தலைமுறை. படிப்பவனுக்கு ‘அடுத்து என்ன’ என்ற ஆர்வம் எங்கிருந்து வருகிறது? போனதெல்லாம் நிஜமாகவே போனது என்ற நம்பிக்கையிலிருந்து!

தீப்பெட்டியிலும் இதே பாடம் இருக்கிறது. 14 வருஷம் 1 ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. மருந்து, மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏறிவிட்டது, வேறு வழியில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். விலையைக் கூட்டியவர்கள் 36 ஆக இருந்த குச்சியையும் 50 ஆகக் கூட்டினார்கள். மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும். வாங்குகிறவனை மதித்துச் செய்யும் மாற்றம்.

இன்னும் இரண்டு சமாதானங்கள்

“இப்போ உள்ள பையன்களுக்குப் பொறுமை கிடையாது, செல்போன் வந்து கெடுத்துவிட்டது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹாஸ்டலுக்கு வந்து பாருங்கள் என்பேன். ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியத் தொடர் 1999-இல் தொடங்கி 2021-இல் ஆயிரமாவது பகுதியைத் தாண்டியது. அதை முதல் பகுதியிலிருந்து, புரியாத மொழியில், கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து, அதே செல்போனில் பார்க்கிறவர்கள் நம் பையன்கள்தான். எழுநூறாவது பகுதியில் நடப்பதற்கு நூறாவது பகுதியில் காரணம் இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறார்கள். பொறுமை இல்லாதவனா இவன்?

“சின்ன வயதுப் பிரியம், வளர்ந்தால் போகத்தானே செய்யும்” என்பது அடுத்த சமாதானம். பாசம் வேறு, ஆர்வம் வேறு. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய ‘சக்திமான்’ தொடரை 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் மறுபடி போட்டார்கள். எங்கள் மாமா முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தார். இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் சின்ன வயதில் பார்த்தவர் அவர். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் உளுந்து உடைக்கப் போய்விட்டார். சக்திமான் மேல் அவருக்குப் பாசம் குறையவில்லை. இன்றைக்கும் பெயரைச் சொன்னால் ஒரு விரலை நீட்டிச் சுற்றிக் காட்டுவார். ஆனால் அவருக்குத் தெரியாத எதுவும் அதில் மிச்சம் இல்லை. பாசம் பழையதைத் திரும்பக் கேட்கும். ஆர்வம் அடுத்ததைக் கேட்கும். 2016-இல் பென்னை மறுபடி பத்து வயதாக்கியவர்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். பாசக்காரனுக்குப் பழைய முகத்தைக் கொடுக்கவில்லை, ஆர்வக்காரனுக்கு அடுத்த கதையையும் கொடுக்கவில்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், எங்கள் வீடுகளில் யாருக்கும் மறுபடி பத்து வயது ஆவதில்லை. புரட்டாசியில் விதைத்து மழை பொய்த்தால் அந்த வருஷம் போனதுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்கித் தர யாரும் இல்லை. லாரி செட்டுக்குப் போன அண்ணன் திரும்பப் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் ஒரு பேப்பரில் அரியர் வைத்தால் அது மார்க் ஷீட்டில் நிற்கும், அப்பாவின் முகத்திலும் நிற்கும். செய்ததற்கு விலை உண்டு என்று தெரிந்து வளர்கிற பிள்ளைகளுக்கு, எதைச் செய்தாலும் அடுத்த பகுதியில் துடைத்துவிடலாம் என்கிற கதை எப்படி ஒட்டும்? பதினைந்து வயதில் கழற்றிவைத்த கடிகாரத்தைத் திரும்ப எடுத்துக் கட்டிய பென்தான் எங்களுக்கு ஒட்டினான். அவனைத்தான் அழித்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ஆர்வம் இழந்தவன் டி.வி.யை அணைத்தால் மட்டும் போதாது. அதோடு கேள்வி கேட்கும் பழக்கத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிறோமே, அதுதான் என் கவலை. ஆறாவதில் ‘வேற்றுக்கிரகத்தில் தண்ணீர் இருக்குமா?’ என்று அடித்துக்கொண்ட நாங்கள், பாலிடெக்னிக் வந்தபிறகு ‘இந்தக் கேள்வி எத்தனை மார்க்?’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. வெளியூரிலிருந்து வரும் கதை நம் ‘உம்’மைக் கேட்காது என்றால், நாம் கேட்கிற தூரத்தில் கதை வேண்டும். தமிழில் முடியாதா? எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்தானே! அவருடைய ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராகவே வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை இன்றைக்கும் பெயர் சொல்கிறார்கள். அதன் அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வும் முதல் கதை விட்ட இடத்திலிருந்துதான் போகிறது.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். இந்த மலரில் வருஷா வருஷம் நடிகர் ஜோக்கும் ஆட்டோகிராப் கவிதையும் வருகின்றன, வரட்டும். அதோடு அடுத்த மலரில் நான்கு பக்கத்துக்கு ஒரு விஞ்ஞானக் கதை தொடங்குங்கள். கரிசல் மண்ணுக்குள் புதைத்த ஒரு ஈரப்பதம் அளக்கும் கருவி, ஒருநாள் மழையைத் தவிர வேறு எதையோ சொல்ல ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். மெக்கானிக்கல்காரன் எழுதட்டும், சிவில்காரி திருத்தட்டும், எங்கள் டிபார்ட்மெண்ட் சர்க்யூட் சரியா என்று பார்க்கட்டும். அதற்கடுத்த வருஷம் ஜூனியர்கள் தொடரட்டும். பிடிக்கவில்லை என்றால் வாசகர்கள் பேரவை அறைக்கு வந்து முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். எழுதுகிறவர்கள் கதையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பட்டும்.

வரும் ஏப்ரலில் நான் கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். அதனால் ஒரே ஒரு விதியை மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். போன மலரில் நடந்ததை இந்த மலரில் யாரும் அழிக்கக் கூடாது. பத்தாவது வருஷம் எழுதப்போகிற, இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிற அந்தத் தம்பியோ தங்கச்சியோ, நாம் எங்கே விட்டோமோ அங்கேயிருந்து தொடங்கட்டும்.